கொல்லிமலை ஆகாய கங்கை: ஊரைவிட்டுப் போகும் நண்பரோடு ஒரு வார இறுதி

மற்ற மலைகளில் முதலில் ஏறுவோம், பிறகு இறங்குவோம். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இருக்கும் ஆகாய கங்கை அருவியில் இது தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயில் அருகே வண்டியை நிறுத்திவிட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போய்க் குளிக்கிறோம். களைத்து, நனைந்து, பசியோடு இருக்கும்போதுதான் அத்தனை படியும் ஏற வேண்டும். ஒரு படிக்கு ஆறேழு அங்குலம் என்று கணக்குப் போட்டால்கூட 150 மீட்டருக்குக் குறையாத உயரம். லிஃப்ட் இல்லாத ஐம்பது மாடிக் கட்டடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தேதி, கூட்டத்தில் யார் யார், காலில் என்ன, பையில் என்ன, அருவியில் எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் இந்தக் கடைசி ஏற்றத்தை வைத்தே முடிவுசெய்ய வேண்டும்.

எந்த வாரம் போவது

நண்பர் கிளம்புவதற்கு முந்தைய சனி, ஞாயிறுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த வாரத்தில் அவருக்கு வீடு காலி செய்வது, அட்வான்ஸ் திரும்ப வாங்குவது, வங்கி வேலை, பெட்டி எடை போடுவது, சொந்தக்காரர் வீடுகள் என்று ஆயிரம் இருக்கும். உடன் வந்தாலும் மனம் வராது.

அதைவிடப் பெரிய காரணம் உடம்பு. வழுக்கிக் கணுக்கால் சுளுக்கினால், லேசான சுளுக்கே சரியாக ஒன்றிலிருந்து மூன்று வாரம் எடுக்கும். மழைக்காலத்து ஓடைநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்க வாய்ப்புண்டு. அது தொற்றினால் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள்தான் வெளிப்படும். கடைசி வாரம் போனால் வீங்கிய காலோடோ, புது ஊரில் இறங்கிய அன்றே காய்ச்சலோடோ ஆள் அவதிப்பட வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு மூன்று அல்லது நான்கு வாரம் முன்பு என்றால் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. மழையால் அருவி மூடப்பட்டால் இன்னொரு சனிக்கிழமையும் கையில் மிஞ்சும்.

பாஸ்போர்ட், விசா தாள், அசல் சான்றிதழ் எதுவும் இந்தப் பயணத்துக்கு வரக்கூடாது. லாட்ஜில் காட்ட ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ போதும்.

மாதத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் பிற்பாதியும் ஜனவரியும் நல்ல காலம். தண்ணீரும் இருக்கும், படியும் ஓரளவு காய்ந்திருக்கும். அக்டோபர், நவம்பரில் அருவி பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் கனமழை பெய்தால் வனத்துறை படிப்பாதையை மூடிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் நீர் மெலிந்துவிடும். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். மலை முழுக்கக் கூட்டமும் வண்டியும்தான். நண்பரோடு உட்கார்ந்து பேச நினைப்பவர்களுக்கு அது ஏற்ற நாள் இல்லை. விழா பார்க்க வேண்டுமென்றால் அதற்கென்றே தனியாகப் போகலாம்.

யாரை அழைப்பது

ஆறு பேர் நல்ல எண்ணிக்கை. ஒரு வண்டியில் அடங்கும். ஒருவருக்கு அடிபட்டால் இருவர் உடனிருக்க, இருவர் மேலே போய் உதவி கேட்க முடியும். வழியனுப்பும் பயணம் என்பதால் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிடுவார்கள். அப்படிச் சேர்ந்தால் படியில் கூட்டம் மூன்று துண்டாகப் பிரியும், போகிற நண்பரோ முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருப்பார். மற்றவர்களுக்கு ஊரிலேயே ஒரு நாள் சாப்பாடு போட்டுவிடுவது மேல்.

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், ஏற்கெனவே தேய்ந்த மூட்டு, கர்ப்பம் இருப்பவர்களைப் படியில் இறக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர் இன்ஹேலர் கையில் இல்லாமல் இறங்கக் கூடாது. "பாதி வரை வந்துவிட்டுத் திரும்புகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். இறக்கத்தில் யாருக்கும் மூச்சு வாங்காது, அதனால் பாதி எது என்றே தெரியாது. அவர்களுக்கு 'நம் அருவி' என்றே பெயர் கொண்ட அருவியும் மாசிலா அருவியும் இருக்கின்றன. ஆகாய கங்கையோடு ஒப்பிட்டால் அங்கே நடை மிகக் குறைவு.

பழக்கமில்லாதவர்கள் இரண்டு வாரம் முன்பிருந்தே தினம் வீட்டு மாடிப்படியில் பத்துமுறை ஏறி இறங்கட்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடைத் தசையைப் பதம் பார்க்கும். கீழே போய்ச் சேர்ந்ததும் கால் நடுங்குவது அதனால்தான். அந்தத் தசைக்கு முன்கூட்டியே பழக்கம் கொடுத்தால் நடுக்கம் குறையும்.

மலைக்குப் போகும் வழி

சென்னையிலிருந்து வருகிறவர்கள் வெள்ளி இரவு ரயிலில் சேலம் வந்து, அங்கிருந்து வண்டி எடுப்பது உத்தமம். இரவெல்லாம் ஓட்டிவிட்டு விடியற்காலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது ஆபத்தான வேலை. ராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரமான காரவள்ளிக்கு வரலாம். வளைவுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஏறி முடித்தால் சோளக்காடு, பிறகு செம்மேடு. தங்குவதும் சாப்பிடுவதும் பெரும்பாலும் செம்மேட்டைச் சுற்றித்தான். வளைவு ஒத்துக்கொள்ளாதவர்கள் முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஏறலாம், அந்தப் பாதையில் வளைவுகள் குறைவு. நாமக்கல், சேலம், ராசிபுரத்திலிருந்து அரசுப் பேருந்தும் உண்டு. பேருந்தில் போவதானால் கோயில் வரை போகும் வண்டியின் நேரத்தையும் கடைசி வண்டியின் நேரத்தையும் முந்தைய நாளே நடத்துநரிடமோ கடைக்காரரிடமோ கேட்டு வையுங்கள்.

பெட்ரோலையும் ரொக்கத்தையும் அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். யுபிஐ எல்லா இடத்திலும் ஓடும் என்று நம்பி மலை ஏறக்கூடாது. சிக்னல் போனால் டிக்கெட்டுக்கும் டீக்கும்கூடக் கையில் காசு இருக்காது.

வாந்தி வருகிறவர்கள் வெறும் வயிற்றில் ஏறாமல் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, முன் இருக்கையில் உட்கார்ந்து, தூரத்துச் சாலையைப் பார்க்க வேண்டும். செல்போனைப் பார்த்தால் கட்டாயம் வரும். வாந்தியைத் தடுக்கும் அவோமின் மாத்திரை போடுவதானால் வளைவு தொடங்க ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். ஏறத் தொடங்கிய பின் போட்டால் மாத்திரை வாந்தியோடு வெளியே வந்துவிடும். தூக்கம் வரவழைக்கும் மருந்து அது, ஓட்டுகிறவர் தொடவே கூடாது.

வளைவில் மேலே ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடியுங்கள். பேருந்து திரும்புவதைப் பார்த்தால் வளைவுக்குள் நுழையாமல் வெளியிலேயே நின்றுவிடுங்கள். பேருந்துக்குச் சாலை முழுக்க வேண்டும்.

சனிக்கிழமை செம்மேட்டில் தங்கி, ஞாயிறு காலை அருவிக்குப் போகலாம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். ஞாயிறுதான் படியில் நெரிசல் அதிகம். அன்று அருவி ஏறிய காலோடு மாலையில் 70 வளைவு இறங்கி, ராத்திரி ரயில் பிடிக்க வேண்டியிருக்கும். வெள்ளி மாலைக்குள் மேலே வந்துவிட முடிந்தால் சனி காலை அருவி, ஞாயிறு ஓய்வு. அது முடியாவிட்டால் சனி காலையில் சேலத்திலிருந்து ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். செம்மேட்டிலிருந்து கோயிலுக்கே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாலைக்கு வெகு முன்பே கீழே இறங்க டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள்.

காலில், உடம்பில், பையில்

பின்பட்டை உள்ள ரப்பர் அடி செருப்பு, இல்லையென்றால் அடிப்பகுதி தேயாத கேன்வாஸ் ஷூ. ஹவாய் செருப்பு இறங்கும்போது விரலிடுக்கை அறுக்கும், ஏறும்போது குதிகாலை விட்டு நழுவும். புதிதாக வாங்கியதைப் போட்டு வந்தால் பாதி வழியில் கொப்புளம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனத்துத் தொடையை உரசும், காயவும் காயாது. மெல்லிய ட்ராக் பேன்ட் சரி. உடை மாற்றக் கீழே நல்ல மறைவிடம் கிடைக்கும் என்று நம்பி இறங்காமல், ஒரு பழைய லுங்கியோ பெரிய துப்பட்டாவோ கொண்டுபோங்கள். கழிப்பறைக்கு மேலேயே போய்விட்டு இறங்குங்கள்.

ஆறு பேருக்கு மூன்று பை போதும். மூன்று பேர் சுமக்க, மூன்று பேர் கைவீசி நடக்க, பாதியில் மாற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். இதில் அரை லிட்டரை ஏற்றத்துக்கென்று பூட்டி வையுங்கள். கீழே இறங்கியதும் மொத்தத்தையும் குடித்துத் தீர்த்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. ஓடைநீரைக் குடிக்காதீர்கள், மேலே ஊர்களும் வயல்களும் இருக்கின்றன. ஓஆர்எஸ் பொட்டலம் நான்கு எடுத்துக்கொண்டு, பின்பக்கத்தைப் படித்துக் கலக்குங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதைச் சின்னப் பாட்டிலில் கரைத்துக் குடித்தால் உப்பு கூடி வயிற்றைக் கலக்கும்.

மருந்துப் பெட்டியில் 10 செ.மீ. அகல கிரேப் பேண்டேஜ் இரண்டு, காயத்துக்குப் பஞ்சும் ஒட்டுப்பட்டையும், கிருமிநாசினி, பாராசிட்டமால், ஒரு விசில். விசிலைப் பார்த்துச் சிரிப்பார்கள். அருவிக்குப் பக்கத்தில் பத்தடி தள்ளி நிற்பவரை வாயால் கூப்பிட்டுப் பாருங்கள், புரியும். சுமார் 15 மீட்டர் நைலான் கயிறும் வேண்டும், எதற்கென்று கீழே வரும். கீழே செல்போன் சிக்னலை நம்ப முடியாது. எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று லாட்ஜில் சொல்லிவிட்டுப் போங்கள்.

சாப்பாடு

கீழே கொண்டுபோக இட்லிதான் ராஜா. ஆளுக்கு நான்கு, ஆறு பேருக்கு 24. ஒவ்வொன்றிலும் நல்லெண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடியை இருபுறமும் தடவி, வாட்டிய வாழையிலையில் மடித்து, மேலே ஒரு துணி சுற்றுங்கள். சட்னி வேண்டாம், பத்து மணிக்குள் புளித்துவிடும்.

மேலே ஏறிய பிறகு சாப்பிடப் புளியோதரையை வண்டியில் வைத்துவிடலாம். ஆறு பேருக்கு 600 கிராம் அரிசி, 60 கிராம் புளி, 100 மில்லி நல்லெண்ணெய். புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும்வரை கொதிக்க விட வேண்டும். நீர் நிற்கும்போது இறக்கினால் மதியத்துக்குள் சோறு நொதிக்கும். சோற்றை உதிரியாக ஆறவைத்த பிறகே கலக்குங்கள். வழியனுப்பு என்று கேக் வாங்கி இறக்கினால் குரங்குதான் வெட்டும். குரங்குக்கு உறை கிழியும் சத்தமே அழைப்பு மணி. உணவுப் பையை ஜிப் போட்டு மார்புப் பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். அது பையைப் பிடித்துவிட்டால் இழுத்துச் சண்டை போடாதீர்கள். ஒரு கடி என்றால் வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே ஊசி வரிசை, அதுவும் ஊரைவிட்டுக் கிளம்பும் மாதத்தில்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். இலை, துணி, எவர்சில்வர் டப்பா என்றே கட்டினால் அங்கே நின்று வாதாட வேண்டியதில்லை.

இறக்கம்

மேலே தங்கியிருந்தால் எட்டு, எட்டரை மணிக்குள் முதல் படியில் கால் வையுங்கள். அன்று காலைதான் சேலத்திலிருந்து வருகிறீர்கள் என்றால் வந்ததுமே இறங்கிவிடுங்கள். கோயில் பக்கத்து ஓடையில் மீன்களைப் பார்க்கலாம், பொரி போடலாம். பக்தர்கள் தெய்வமாகவே மதிக்கும் மீன்கள் என்பதால் ஓடையில் இறங்கிக் கலக்காதீர்கள். கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும், படியில் பழக்கமுள்ளவர் கடைசியில் வரட்டும். இறங்க 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

படியின் விளிம்பில் விரல் வைத்துத் துள்ளாமல், முழுப் பாதமும் பதித்து, முட்டியைச் சற்றே மடக்கி இறங்குங்கள். முட்டியை விறைப்பாக வைத்தால் ஒவ்வொரு படியின் அதிர்வும் மூட்டுக்கே போகும். செங்குத்தான இடங்களில் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம். பச்சையோ கருப்போ படர்ந்த படி பாசி பிடித்தது, வெளிறிய சாம்பல் நிறத்தில் உலர்ந்திருப்பதை மிதியுங்கள். ஈரச் சருகு மூடிய படியை நம்பவே வேண்டாம்.

200 படிக்கு ஒருமுறை எல்லோரும் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள். யாருக்காவது ஏற்கெனவே கால் உதறினால் அவர் அங்கேயே திரும்ப வேண்டும், துணைக்கு ஒருவரும் கூடவே போக வேண்டும். போகிற நண்பருக்கே அப்படி ஆனால் சங்கடம்தான், ஆனாலும் திரும்புங்கள். அருவி அடுத்த வருஷமும் இருக்கும்.

படியை விட்டு விலகும் ஒற்றையடிப் பாதைகள் கண்ணில் படும். ஐயாறு என்னும் ஆறுதான் இங்கே அருவியாக விழுந்து, அடிவாரத்துப் புளியஞ்சோலைப் பக்கம் இறங்குகிறது, அந்தப் பக்கத்திலிருந்து ஏறிவரும் காட்டுப் பாதையும் உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல் அதில் நுழையாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறியவர்கள் சிக்கிய காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. இறுகியதில் நியாயமும் இருக்கிறது.

தண்ணீரில்

குழுப்படம் எடுப்பதானால் நனையும் முன்பு எடுத்துவிட்டு, செல்போன்களை ஒரே பையில் போட்டு ஒருவரிடம் கொடுங்கள். அந்த ஒருவர் குளிக்காமல் கரையில் உட்கார்ந்து தண்ணீரையும் ஆட்களையும் பார்த்துக்கொண்டிருப்பார். முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். கயிறும் விசிலும் அவரிடம்தான் இருக்கும்.

ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழும் நீர் இது. நேர்க்கீழே நின்றால் தண்ணீரின் அடியோடு, அது உருட்டிவரும் கல்லும் குச்சியும் தலையில் விழலாம். ஓரமாகச் சாரலிலும் பாறையில் வழியும் நீரிலும் குளித்தாலே போதும். குழியில் தலைகீழாகப் பாயாதீர்கள். நுரைத்த நீரில் ஆழமும் தெரியாது, அடியில் இருக்கும் பாறையும் தெரியாது. போன மாதம் பார்த்த ஆழம் இந்த மாதம் இருக்காது, வெள்ளம் பாறைகளை நகர்த்திவிடும். காலில் ஆறாத புண் உள்ளவர்கள் தேங்கிய நீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக எளிதில் நுழையும். குடித்தவர் ஒருவர் இருந்தாலும் அன்று யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். அவரைக் காப்பாற்றப் போகிறவர்தான் பல இடங்களில் முதலில் சாகிறார்.

உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேல்மலையில் மழை பெய்து வெள்ளம் வரலாம். தெளிந்த நீர் திடீரென்று மண் நிறமாவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கனப்பது, சற்று முன் உலர்ந்திருந்த பாறை மூழ்குவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நீண்ட விசில் கொடுத்து எல்லோரும் வெளியேற வேண்டும். ஓடையை ஒட்டி ஓடாமல் படிப்பக்கமாக மேலே ஏறுங்கள். செருப்பையும் துண்டையும் எடுக்கத் திரும்பாதீர்கள்.

யாராவது தத்தளித்தால் குதிக்காதீர்கள். முனையில் பெரிய முடிச்சுப் போட்ட கயிற்றை அவரைத் தாண்டி விழும்படி எறிந்து இழுங்கள். கயிறு இல்லாவிட்டால் முறுக்கிய வேட்டி, துப்பட்டா, நீளமான கொம்பு. இழுப்பவர் நிற்காமல் பாறையில் படுத்துக்கொள்ள வேண்டும், நின்று இழுத்தால் இரண்டு பேரும் உள்ளே.

ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனால் ஒன்றேகால். அதற்கு மேல் நனைந்தால் உடம்பு சில்லிட்டுத் தசை இறுகி, ஏற்றத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். தலையைத் துவட்டி, உலர்ந்த உடை மாற்றி, இட்லி சாப்பிட்டு, 20 நிமிடம் உட்காருங்கள். பிரியும் நண்பரிடம் பேச வேண்டியதை எல்லாம் இந்த இருபது நிமிடத்தில் பேசிவிடுவது நல்லது, படியில் யாருக்கும் பேச மூச்சு இருக்காது.

ஏற்றம்

50 படி, ஒரு நிமிட நிறுத்தம். மறுபடி 50. முதல் 200 படியை வேகமாக ஏறியவர்தான் 400ஆவது படியில் உட்கார்ந்துவிடுவார். ஓய்வு நின்றபடியே இருக்கட்டும். உட்கார்ந்தால் எழுவதற்கே தனிச் சக்தி வேண்டும். ஐந்து நிறுத்தத்துக்கு ஒருமுறை நான்கு வாய் ஓஆர்எஸ். ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும், இரண்டு ஆனாலும் தப்பில்லை.

கெண்டைக்கால் பிடித்தால் குதிகாலைப் படியில் ஊன்றி, முன்பாதத்தை முழங்காலை நோக்கி இழுத்து அரை நிமிடம் வைத்திருங்கள். கணுக்கால் சுளுக்கினால் ஷூவை முழுக்கக் கழற்றாதீர்கள், வீங்கிய பின் உள்ளே போகாது. நாடாவைத் தளர்த்தி, வெளியிலிருந்தே எட்டு வடிவில் கிரேப் பேண்டேஜ் சுற்றி, இருவர் தோளில் சாய்த்து ஏற்றலாம். நெஞ்சு இறுக்கம், குளிர்ந்த வியர்வை, இடது கை வலி என்று யாராவது சொன்னால் அது களைப்பு என்று ஆறுதல் சொல்லாதீர்கள். அவரை அங்கேயே உட்காரவைத்துவிட்டு, இருவர் மேலே போய் ஊழியர்களிடம் சொல்லி 108க்கு அழைக்க வேண்டும். செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பாம்பு கடித்தாலும் நேரே அங்கேதான். கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம்.

மேலே வந்ததும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள். மூட்டு வலி ஒரே கோப்பையில் பறந்துவிடும் என்பது விற்பவர் வாக்கு. மிளகு தூக்கலாகப் போட்ட சூடான சூப், அந்த நேரத்துக்கு அதுவே போதும்.

ஞாயிறு

தொடை வலி முதல் நாளைவிட இரண்டாம் நாள்தான் உச்சத்தில் இருக்கும். படுத்தே கிடந்தால் இன்னும் இறுகும் என்பதால் நம் அருவி, எட்டுக்கை அம்மன் கோயில், சோளக்காட்டுச் சந்தை என்று மெதுவாக நடக்கலாம். சந்தையில் பலாவும் மலை வாழையும் பருவத்துக்கு ஏற்பக் கிடைக்கும். நண்பருக்கு வாங்கித்தர மிளகும் காப்பித்தூளும் சரியானவை, எடை குறைவு, கெடாது. தேன் வாங்கும் முன் அவர் போகும் நாட்டைக் கேளுங்கள். நியூசிலாந்துக்குத் தேனைக் கொண்டுபோக முடியாது. ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர் பெட்டியில் இருக்கும் உணவுப்பொருள் ஒவ்வொன்றையும் விமான நிலையப் படிவத்தில் அறிவிக்க வேண்டும், மறைத்தால் அபராதம்.

செலவில் நண்பரின் பங்கை மற்ற ஐவரும் பகிர்ந்துகொள்வதுதான் நல்ல ஏற்பாடு. டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் கொடுத்து அவர் பர்ஸ் ஏற்கெனவே காலியாகியிருக்கும். இதைக் கிளம்பும் முன்பே தீர்த்துவிடுங்கள், டீக்கடை வாசலில் ஆளாளுக்குப் பர்ஸை இழுக்க வேண்டாம்.

மதியம் மூன்று மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். ஏறியபோது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில், பெரும்பாலும் இரண்டாவதில், இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி மலைக்குள் கருகல் வாடை வரும், மிதி மெத்தென்று உள்ளே போகும். வாடை வந்த உடனே அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது வளைந்துவிடும்.